இறால் தொடாத மீனவன்

அத்தியாயம் 6

‘படார்’ என்ற சத்தம் கேட்டதும் ஓட்டோக்காரர் மர்சூக் முதலில் நிலத்தில் விழுந்தார். ஏன் விழுந்தோம் என்று பிறகுதான் யோசித்தார்.

சண்டை முடிந்து நாலு வருஷமாகிவிட்டது. ஆனால் காதுக்கும் முழங்காலுக்கும் இடையில் இருந்த பழைய ஒப்பந்தத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்குப் பலகைக்கு அடியில் கிடந்தார். முதல் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு ரீச்சர்மார் குடையோடு மதிலோரம் குந்தியிருந்தார்கள். தெருவில் நின்ற கழுதைகள் மட்டும் அசையவில்லை. மன்னார்க் கழுதைகள் எந்த அரசாங்கத்துக்கும் எழும்பி நின்றதுமில்லை, எந்தக் குண்டுக்கும் குனிந்ததுமில்லை.

புகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று வேறொரு செய்தியைக் கொண்டுவந்தது. கடைக்காரர் மூக்கைப் பொத்தினார்.

“இது என்ன வெடிமருந்து, நாநா?”

“இது மருந்தில்லை, தம்பி. சாப்பாடு. போன கிழமைச் சாப்பாடு.”

சத்தம் வந்த திசையில் இருந்தது லேக் வியூ நகர்.

பேசாலையைத் தாண்டிக் கொஞ்சத்தூரம் போனால் நாரைத்தாழ்வு என்றொரு களப்பு. மாரியில் மழைத்தண்ணீர் வந்து தங்கவும், மார்கழியில் பூநாரைகள் வந்து நிற்கவும், வருஷம் முழுக்க இறால் பெருகவும் ஆண்டவர் ஒதுக்கிவைத்த பள்ளம். ஆண்டவர் அதற்குக் காணி உறுதி முடிக்க மறந்துபோனார். படகுப் பட்டறைக்காரர் வலன்ரைன் மறக்கவில்லை. பாதிக் களப்பைக் கிரவல் கொட்டி மேடாக்கினார். காட்சியை மறைக்கிறதென்று கரையில் நின்ற கண்டல் மரங்களை வெட்டினார். வரிசையாக வீடு கட்டி விற்றார். வீதியோரப் பலகையில் நீலத் தண்ணீரும் பூநாரைகளும் வரையப்பட்டிருந்தன. பூநாரைகள் இப்போது அந்தப் பலகையில் மட்டும்தான் நின்றன.

வீடுகள் கோடையில் விற்கப்பட்டன. கோடையில் வீட்டுக்குள் இருந்துகொண்டு களப்பைப் பார்க்கலாம். மாரி வந்ததும் களப்பு எழும்பி வந்து வீட்டைப் பார்த்தது.

அன்று வெடித்தது அந்த நகரின் முதலாம் இலக்க வீட்டுக் கக்கூஸ் குழி. ஒரு மணித்தியாலத்துக்குள் பொலிஸ் வந்தது, ஆமி வந்தது, மஞ்சள் நாடா வந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே குற்றவாளியும் வந்துவிட்டார். அவர் பெயர் பேதுரு.

*

“என்ரை மனுசன் குண்டு வைச்சிட்டாராம், பிள்ளை,” என்றாள் செலீனா.

பேசாலையில் அன்ரோனெற்றின் கந்தோர் என்பது அவளுடைய வீட்டு முன்னறை. ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு மாதா படம். அன்ரோனெற் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தவள். எரிந்த கடைகள் ஏன் எரிந்தன என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. கம்பனியின் சொந்தக் களஞ்சியம் ஏன் எரிந்தது என்பதையும் கண்டுபிடித்ததால் அந்த வேலை போயிற்று. அதன்பிறகு ஊரோடு வந்து, கேட்கிறவர்களுக்குத் துப்பறிந்து கொடுத்தாள். மர்சூக் அவளுக்கு ஓட்டோ ஓட்டினார். ஆலோசனை அவராகச் சேர்த்துக்கொண்ட இலவச இணைப்பு.

“வைப்பாரோ?” என்று கேட்டாள் அன்ரோனெற்.

“அவர் நுளம்புத்திரி பத்தவைக்கவே என்னைத்தான் கூப்பிடுவார். இளந்தாரியா இருக்கேக்கை ஒருக்கா வெடி போட்டு மீன் பிடிச்சுப் பிடிபட்டவர். அதை இப்ப தூசி தட்டி எடுத்து வைச்சிருக்கினம்.”

“அது மட்டுமோ?”

“இல்லை. விடியப்புறம் அந்த வளவுக்குள்ளாலை தோளிலை ஒரு சாக்கோடை ஓடினவர் எண்டு வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நானும் சும்மா இருக்கேல்லையே, பிள்ளை. களப்பிலை இறால் செத்து மிதக்குது எண்டு ரெண்டு மாதமா ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கினனான். செத்த இறாலைப் பையிலை கொண்டுபோய் மேசையிலை கொட்டினனான். லேக் வியூ வாசலிலை நிண்டும் கத்தினனான். இப்ப, ‘மனிசி கத்தினாள், மனுசன் குண்டு வைச்சான்’ எண்டு கதையை முடிச்சிட்டினம்.”

“கந்தோரிலை என்ன சொன்னவை?”

“இறால் இயற்கையாச் செத்ததாம்.”

“வயசு போயிருக்கும்,” என்றார் மர்சூக்.

செலீனா சிரிக்கவில்லை. “பின்னேரம் வவுனியாவிலை இருந்து பயங்கரவாத விசாரணைக்கெண்டு பெரிய ஆக்கள் வருகினமாம், நாநா. அவையள் கொண்டு போயிட்டினமெண்டால்...”

அந்த வசனத்தை மன்னாரில் யாரும் முடிப்பதில்லை. முடிக்காமலே எல்லோருக்கும் விளங்கும். அன்ரோனெற் எழுந்து குடையை எடுத்தாள்.

*

முதலில் போனது செலீனாவின் வீட்டுக்கு. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன வீடு. பின்னால் மணலில் பேதுருவின் நீலப் படகு முழுசாக நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. அன்ரோனெற் படகைச் சுற்றி வந்தாள். தாழ்வாரப் பத்தியில் குவித்திருந்த வலையைத் தூக்கிப் பார்த்தாள். வலைக்குள் சிலந்தி ஒன்று தன் வலையைக் கட்டி முடித்து, நடுவில் சௌகரியமாகக் குடியிருந்தது.

“அவர் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போறவரோ, அக்கா?”

“ஓம். விடியமுந்திப் போய் விடிஞ்சாப் பிறகு வருவார். மீன்தான் வராது.”

சிலந்தி என்ன நினைத்ததோ, அசையவில்லை. அன்ரோனெற் வலையை இருந்தபடியே திரும்ப வைத்தாள்.

செலீனா புட்டும் இறால் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மனுசன் பொலிஸ் மறியலில் இருந்தாலும் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வீடு அதுவல்ல. அன்ரோனெற் தேத்தண்ணி போதும் என்றாள். மர்சூக் அவளுடைய பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

“களப்பு இறாலோ, தங்கச்சி? இந்த ருசி கடலிலை வராது.”

“களப்புத்தான். உயிரோடை கிடைச்ச கொஞ்சம். சாப்பிடுங்கோ, நாநா. இவருக்கெண்டு வைச்சதில்லை. முந்தி இறாலெண்டால் உயிர். இப்ப ரெண்டு மாதமாத் தொடுறதில்லை. உடம்புக்குச் சூடாம்.”

“வேறை என்ன மாறியிருக்குது?” என்று கேட்டாள் அன்ரோனெற்.

செலீனா மர்சூக்கைப் பார்த்தாள். மர்சூக் தன் கோப்பையைப் பார்த்தார்.

“விடிய வரேக்கை சவுக்காரம் மணக்குது,” என்றாள் அவள் மெல்ல. “கடலுக்குப் போட்டு வாற மனுசன் குளிச்சுக்கிளிச்சு வாறார். வேறை ஒரு வீடு எங்கையும் வைச்சிருந்தால் அதையும் கண்டுபிடியுங்கோ. ஆனால் முதல்லை ஆளை வெளியிலை எடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

ஓட்டோவில் ஏறியதும் மர்சூக் சொன்னார்: “மிஸ், பாவம், மனுசனுக்கு உள்ளைதான் பாதுகாப்பு.”

*

லேக் வியூ நகருக்குள் ஓட்டோ படகு போலத்தான் போனது. வீதி தண்ணீருக்கு அடியில் இருந்தது. கிரவல் மேட்டில் வீடுகள் நின்றன. மேட்டால் துரத்தப்பட்ட தண்ணீர் போக வேறு இடமில்லாமல் வீதியிலும் வளவுகளிலும் அகதியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிங்கராசா மஞ்சள் நாடாவுக்கு உள்ளே நின்றார். முகத்தில் கைலேஞ்சி கட்டியிருந்தார்.

“மிஸ் அன்ரோனெற், இது பொலிஸ் வேலை.”

“தெரியும். அதுதான் உதவிக்கு வந்தனான்.”

குழியிருந்த இடத்தில் கொங்கிறீற் மூடி நாலு துண்டாகக் கிடந்தது. கக்கூஸின் பின்சுவர் சரிந்திருந்தது. நடுவில் சேறும் தண்ணீருமாக ஒரு பள்ளம். அதற்குள் இறங்கித் தேடச் சட்டத்தில் இடம் இருந்தது. பொலிஸில் ஆள் இருக்கவில்லை.

அன்ரோனெற் பள்ளத்தைப் பார்க்காமல் சுற்றிவரப் பார்த்தாள். யன்னல் கண்ணாடிகள் உடையவில்லை. பள்ளத்துக்குப் பக்கத்தில் கொடியில் ஒரு சாரம் தொங்கியது. அதன் கீழே கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

“நல்ல ஒழுக்கமான குண்டு,” என்றாள். “சுவரை உடைச்சிருக்குது. கோழியை எழுப்பேல்லை.”

“நிலத்துக்குக் கீழை வைச்சிருக்கிறான். ஆதாரம் இருக்குது.” இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்ரிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கையளவு நீலத் துண்டு. “பைபர். படகு செய்யிற பைபர். பேதுருவின்ரை படகும் இதே நீலம்.”

“வானமும் நீலந்தான், சேர்,” என்றார் மர்சூக். “அதையும் உள்ளுக்குப் போடுவமோ?”

“அவரின்ரை படகு முழுசா நிக்குது,” என்றாள் அன்ரோனெற். “இப்பத்தான் பாத்திட்டு வாறம்.”

“குண்டை வைச்சுக் கொண்டந்தது படகுத் துண்டிலை செய்த பெட்டியிலை. கெட்டிக்காரன்.”

“ஒருக்கா மணந்து பாக்கலாமோ?” என்று கேட்டாள் அன்ரோனெற்.

இன்ஸ்பெக்டர் பெருந்தன்மையோடு பையை மர்சூக்கிடம் நீட்டினார். மர்சூக் முகர்ந்தார். பிறகு சிறிது நேரம் மூக்கைக் கழற்றி வைக்க இடம் தேடுகிறவர் போல நின்றார்.

“எப்பிடி?” என்றாள் அன்ரோனெற்.

“ரெண்டு பக்கம் இருக்குது, மிஸ். நீலப்பக்கம் மண் மணக்குது. மற்றப்பக்கம், கனநாளா உள்ளை இருந்து பழகின மணம்.”

அப்போது வீட்டுக்காரர் வெளியே வந்தார். சிவசுப்பிரமணியம். அரசாங்கக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். வெள்ளாங்குளத்தில் வயலை விற்று லேக் வியூவில் வீடு வாங்கியவர். குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

“வயல்காரர் நீங்கள்,” என்றார் மர்சூக். “தண்ணி நிக்கிற பள்ளத்திலை வீடு கட்டக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“அது வயல். இது லேக் வியூ,” என்றார் சிவசுப்பிரமணியம்.

அதற்கு மேல் அதில் விளக்கம் தேவைப்படவில்லை. அன்ரோனெற் கேட்டாள்:

“ஓடினது பேதுரு எண்டு எப்பிடித் தெரிஞ்சுது, ஐயா?”

“கண்டனான். சாக்கோடை ஓடினவன். பேதுருதான்.”

“இந்தப் பக்கம் மீன் விக்க வாற பொம்பிளையின்ரை பேர் என்ன?”

“மீன்காரி.”

“பேர்?”

“அவளின்ரை பேர் எனக்கு என்னத்துக்கு?”

“வாசலிலை நிண்டு கத்தின பொம்பிளை?”

“ஒரு இறால்காரி. எங்களிட்டை ஏன் கத்துறாள் எண்டு விளங்கேல்லை. நாங்கள் கடல் மீன்தான் வாங்கிறது. களப்பு இறால் இந்த வீதியிலை ஒருத்தரும் வாங்கிறேல்லை.”

“ஏன்?”

சிவசுப்பிரமணியம் களப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “சூடு,” என்றார்.

அன்ரோனெற் தலையாட்டினாள். திரும்பும்போது பக்கத்து வளவைக் கவனித்தாள். அங்கேயும் ஒரு கக்கூஸ் குழி. அதன் மூடி ஒரு பக்கம் தூக்கி, படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழும்பப்போகிற ஆளைப் போல இருந்தது.

“இன்ஸ்பெக்டர், அங்கை அரைக்குண்டு வைச்சிருக்கிறார் போல.”

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

*

“படகு நீலத்தை எங்கை பூசுவினம், நாநா?”

“வலன்ரைன்ரை பட்டறையிலை. வேறை எங்கை?”

வலன்ரைனின் பழைய தொழில் பைபர் படகு. சண்டை முடிந்த கையோடு நிறுவனங்கள் மீனவர்களுக்குப் படகு கொடுத்தன. ஒரு நிறுவனம் கொடுத்தால் மற்றது சும்மா இருக்குமா? கடலில் மீனைவிடப் படகு கூடிப்போகும் வரைக்கும் கொடுத்தன. பிறகு நிறுத்திவிட்டன. பட்டறையில் அச்சுகள் மிஞ்சின, பைபர் மிஞ்சியது, நீல மை மிஞ்சியது, ஒரு பெரிய கனவும் மிஞ்சியது. அதுதான் லேக் வியூ நகர்.

பட்டறைக்குள் வலன்ரைன் ஒரு கதிரையில் சாய்ந்திருந்தார். காலை முழுவதும் தொலைபேசியில் வீட்டுக்காரர்களுக்கு ஆறுதல் சொல்லிக் களைத்திருந்தார்.

“அநியாயம், மிஸ். நான் ஊரை முன்னேற்றப் பாக்கிறன். அவங்கள் குண்டு வைக்கிறாங்கள்.”

அன்ரோனெற் உள்ளே நடந்தாள். முழுப்படகு அச்சு ஒன்று சுவரோடு கிடந்தது. அதற்கு அப்பால், நடுவில் பலகை வைத்து மறித்த இன்னொரு அச்சு. முன்பாதி மட்டும். அதில் வார்த்தால் அரைப்படகுதான் வரும்.

“அரைப்படகிலை எங்கை போறது, அண்ணை?”

“அது படகில்லை.”

“பின்னை?”

“வீட்டுத் திட்டத்துக்குச் செய்தது. தொட்டி.”

“என்ன தொட்டி?”

“தொட்டிதான்.” வலன்ரைன் கொஞ்சம் நெளிந்தார். “அந்த ஈரத்திலை கல்லுக்கட்டிக் குழி எடுக்கேலாது, மிஸ். வெட்ட வெட்டத் தண்ணி. வாளியாலை அள்ளி முடிக்கமுன்னம் நிரம்பியிடும். அதுதான் ரெண்டு அரையைச் செய்து வாயோடை வாய் வைச்சு ஒட்டி இறக்கினது. நல்ல கெட்டி. ஒரு சொட்டு வெளியிலை போகாது, ஒரு சொட்டு உள்ளை வராது.”

“மேலை?”

“மெல்லிசா ஒரு கொங்கிறீற் மூடி. மூடிக்கு என்ன பாரம்?”

“வேலை சரியோ எண்டு பாத்தனியளோ?”

வலன்ரைனுக்கு ரோசம் வந்துவிட்டது. கதிரையில் நிமிர்ந்தார். “மிஸ், நாரைத்தாழ்விலை மண் கொட்டினது பிழையெண்டு சொல்லுங்கோ, பொறுக்கிறன். மரம் வெட்டினது பிழையெண்டு சொல்லுங்கோ, அதையும் பொறுக்கிறன். என்ரை பைபர் வேலையை மட்டும் சொல்லாதேங்கோ. இந்த அச்சிலை வந்தது ஒண்டும் இண்டைவரைக்கும் தாழேல்லை.”

அன்ரோனெற் அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

“ஓம், அண்ணை. அதுதான் நடந்திருக்குது.”

வெளியே வந்து ஓட்டோவில் ஏறிய பிறகும் மர்சூக் சாவியைத் திருப்பவில்லை. தண்ணீருக்குள் படகைப் புதைத்து மேலே சிமெந்து பூசுகிற மூளை உலகத்தில் வேறு எந்த ஊரில் இருக்கும் என்று யோசித்தார். வேறு எங்கேயும் இல்லை. பேசாலைக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் மிதக்கப்பண்ணித்தான் பழக்கம்.

“மிஸ், அப்ப குண்டு வைச்சது...”

“தண்ணி. ஓட்டோவை எடுங்கோ. வவுனியாக்காரர் வரமுந்திப் போகவேணும்.”

பாதி வழியில் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார் மர்சூக். வழக்கில் வென்றவளின் முகமாக அது இருக்கவில்லை.

*

பொலிஸ் நிலைய வாசல் வாங்கில் செலீனா இருந்தாள். மடியில் ஒரு சாப்பாட்டுப் பொதி.

“முட்டை பொரிச்சுக் கொண்டந்தனான், பிள்ளை. இறால் வைச்சால் தொடமாட்டார்.”

“ஆள் வெளியிலை வருவார், அக்கா,” என்றாள் அன்ரோனெற். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். அது ஏன் என்று மர்சூக்குக்கு அப்போது விளங்கவில்லை.

அறையில் இன்ஸ்பெக்டர் இருந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்த சிவசுப்பிரமணியம் இருந்தார். மூலையில் பேதுரு. காலையிலிருந்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் குறைப்பட்டார். குற்றவாளிக்கு ஒத்துழைப்பு மனப்பான்மையே இல்லையாம்.

“ஒரு வாளி தண்ணி தாங்கோ, இன்ஸ்பெக்டர்,” என்றாள் அன்ரோனெற். “நீங்கள் தேத்தண்ணி குடிச்ச அந்தத் தகரப் பேணியையும் தாங்கோ.”

வாளி வந்தது. வெறும் பேணியை வாய் மேலாக, விளிம்பு மட்டும் தெரியத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். அதன் வாயில் இன்ஸ்பெக்டருடைய பிஸ்கற் ஒன்றை மூடியாக வைத்தாள். கையை எடுத்தாள். பேணி துள்ளி எழும்பியது. பிஸ்கற் பறந்து போய் சிவசுப்பிரமணியத்தின் மடியில் விழுந்து இரண்டாக உடைந்தது. சரிந்த பேணிக்குள் தண்ணீர் புகுந்து அது அடியில் போய்க் கிடந்தது.

“இதுதான் குண்டு. பிஸ்கற்தான் கொங்கிறீற் மூடி. வலன்ரைன் அண்ணை குழிக்குள்ளை இறக்கினது ரெண்டு அரைப்படகு. மழைக்கு நிலம் ஊறித் தண்ணி எழும்பினதும் படகு படகுக்குரிய வேலையைச் செய்திருக்குது. மூடியை உடைச்சு எழும்பி, குழாய் அறுந்து, தண்ணி புகுந்து திரும்பத் தாழ்ந்திருக்குது. ஒரு கம்பாலை அந்தப் பள்ளத்துக்குள்ளை குத்திப் பாருங்கோ. நீங்கள் தேடுற நீலப்படகு கீழைதான் கிடக்குது. பக்கத்து வீட்டுப் படகும் பயணத்துக்கு வெளிக்கிடுது.”

இன்ஸ்பெக்டர் வாளியைப் பார்த்தார். பேணியைப் பார்த்தார். மேசையில் கிடந்த பயங்கரவாதத் தடைச் சட்டக் கோவையைப் பார்த்தார்.

“வவுனியாக்காரருக்கு நான் என்ன சொல்லுறது? கக்கூஸ் மிதந்தது எண்டோ?”

“பயங்கரவாதக் கக்கூஸ் எண்டு சொல்லுங்கோ, சேர்,” என்றார் மர்சூக். “கோவையை வீணாக்காதேங்கோ.”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பேனையை எடுத்தார். இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் நிறுத்தினார். அந்த ஆள் மடையன் அல்ல. கைலேஞ்சியைக் கழற்றிய பிறகு அவருடைய மூளைக்கும் காற்றுப் போனது.

“மிஸ், உந்தப் பேணி வெறுமையா இருந்தபடியால்தானே துள்ளினது. நிறைஞ்சிருந்தால்?”

“துள்ளாது,” என்றாள் அன்ரோனெற். குரல் இறங்கியிருந்தது.

“மாதக்கணக்கா ஆக்கள் குடியிருக்கிற வீடு. அந்தத் தொட்டி எப்பிடி வெறுமையாச்சுது?”

அந்தக் கேள்வி வரக்கூடாதென்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது மர்சூக்குக்கு அப்போதுதான் பிடிபட்டது.

இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியத்தின் பக்கம் திரும்பினார். “ஆர் வெறுமையாக்கினது?”

“கழிவு அள்ளுற பவுசர் வராது, சேர். வீதியிலை வெள்ளம். தொட்டி நிரம்பினால் ஒரு சொட்டும் கீழை போகாது. வீட்டிலை பொம்பிளையள் இருக்கினம். நாங்கள் என்ன செய்யிறது?” சிவசுப்பிரமணியம் பிஸ்கற் துண்டுகளை மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். “கூலி குடுத்து, மெசின் வைச்சு இறைப்பிச்சம். எல்லா வீட்டுக்காரரும்தான். நான் மட்டுமில்லை.”

“எங்கை இறைச்சியள்?”

“பக்கத்திலை களப்பு இருக்குதுதானே.”

களப்பைப் பார்ப்பதற்காகவே வீடு வாங்கியவர்கள். அதை அவர் சொன்ன விதத்தில் அந்தக் களப்பு வீட்டோடு சேர்த்து விற்கப்பட்ட ஒரு பொருள் போல இருந்தது. மர்சூக் காலையில் தான் சாப்பிட்ட இரண்டு பங்குக் களப்பு இறாலையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

“இறைச்ச ஆள் ஆர்?”

சிவசுப்பிரமணியம் பெயர் சொல்லவில்லை. கண் மட்டும் மூலைக்குப் போய்த் திரும்பியது. காலையில் இதே பெயரைப் பொலிஸுக்குக் கொடுத்தபோது அந்தத் தயக்கம் அவரிடம் இருக்கவில்லை. ஊரில் ஒருத்தியின் பெயரும் தெரியாத மனிதருக்கு இந்த ஒரு பெயர் மட்டும் எப்படித் தெரிந்தது என்று அன்ரோனெற் அப்போதே எண்ணியிருப்பாள். வலைக்குள் குடியிருந்த சிலந்தி, சவுக்கார மணம், தொடாத இறால். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மர்சூக்கின் தலைக்குள் வந்து உட்கார்ந்தன. வேறு வீடு வைத்திருந்தாலும் பரவாயில்லையே என்று அவருக்குப் பட்டது.

“சாக்குக்குள்ளை இருந்தது இறைக்கிற மெசின்,” என்றார் இன்ஸ்பெக்டர், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு பேதுருவைப் பார்த்தார். “நீர் இறைக்க இறைக்கத் தொட்டி வெறுமையாகி எழும்பியிருக்குது. பயந்து ஓடியிருக்கிறீர். இவரும் அது தெரிஞ்சுகொண்டே வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்.”

சிவசுப்பிரமணியம் பிஸ்கற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

பேதுரு தலை நிமிரவில்லை. அவருடைய கைகள் மட்டும், சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளிறிப்போன கைகள், முழங்காலில் கிடந்தன.

“சரி,” என்றார் இன்ஸ்பெக்டர். குரல் காலையில் இருந்ததைவிட மெத்தென்று இருந்தது. “குண்டு இல்லை எண்டு எழுதினால் நீர் இப்பவே வீட்டை போகலாம். ஆனால் விடியப்புறம் உமக்கு அங்கை என்ன வேலை எண்டும் எழுதவேணும். களப்புக்குள்ளை இறைச்சனான் எண்டு எழுதினால் அது கோட்டுக்குப் போகும். கோட்டிலை வாசிச்சால் ஊருக்குக் கேட்கும். விளங்குதோ?”

வெளியே கதவில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

“ஐயா, முடிஞ்சுதோ?” செலீனாவின் குரல். “முட்டை ஆறுது.”

பேதுரு முதல் தடவையாக வாயைத் திறந்தார். கதவுக்கு அப்பால் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னார்:

“குண்டு வைச்சனான் எண்டே எழுதுங்கோ, ஐயா. அதை அவளுக்குச் சொல்லலாம்.”